சக்கிமுக்கித் துப்பாக்கியின் காலம் காணல்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சுவடியின் காலம், சொல்லின் காலம், பாவின் காலம் என்று பேசிப் பழகிய அவையில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் காலத்தைப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயின் காலம் காணும் முறை இரண்டிற்கும் ஒன்றே. ஒரு பாட்டில் 'துப்பாக்கி' என்னும் சொல் வந்திருக்குமாயின், அப்பாட்டின் நடை எத்துணைப் பழமையாகத் தோன்றினும், அது சங்கச் செய்யுள் ஆகாது என்று சொல்லப் பெரும்புலமை வேண்டுவதில்லை. ஒரு பொருளில் காணப்படும் கூறுகளுள் மிகப் பிந்தியது எதுவோ அதற்கு முன் அப்பொருள் இன்றைய வடிவில் இருந்திருக்க இயலாது. பாட்டுக்கு உரிய இவ்விதியே படைக்கலத்துக்கும் உரியது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவது புலவர் அவைக்கு ஏற்றது. 'துப்பாக்கி' என்பது துருக்கி மொழிச் சொல். தெலுங்கும் உருதும் வழியாகத் தமிழுக்கு வந்தது. 'சக்கிமுக்கி' என்பதும் அம்மொழியின் 'சக்மாக்' என்னும் சொல்லே. கல்லால் நெருப்பெழுப்பும் துப்பாக்கியைத் துருக்கியர் 'சக்மாக்லி துஃபெக்' என்பர். தமிழர் 'சக்கிமுக்கித் துப்பாக்கி' என்றால் அதே இரு சொற்களை அதே வரிசையில் சொல்பவராகின்றனர். 'பிஸ்டல்' என்பதற்குச் செக் மொழியில் ஊதுகுழலைக் குறிக்கும் சொல்லே மூலம் என்பர் அறிஞருட் பலர். குண்டு செல்லும் இரும்புப் பகுதிக்குத் தமிழிலும் குழல் என்றே பெயர். பாரசீகச் சொல்லாகிய 'ஃபிரங்கி'யிலிருந்து பரங்கி என்பதும் பீரங்கி என்பதும் பிறந்தன. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கிய ஊர் பரங்கிமலை. இந்தப் பொருத்தத்தை எந்தப் புலவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை.

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை ஆகிய ஊர்களில் வாழ்வோருக்கு இப்பொருள் அயலானதன்று. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டது. முற்றுகை நீடிக்கையில், 1759 பிப்ரவரி 9ஆம் நாள், கெயில்லாட் என்னும் ஆங்கிலத் தளபதியின் படை பரங்கிமலையில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றது. தமிழ்நாட்டார் மருதநாயகம் என்று போற்றும் யூசுப்கானும் ஆங்கிலேயர் பக்கத்தில் நின்றவர். செங்கற்பட்டுக் கோட்டை அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. சில நாட்களில் கப்பல்கள் வந்து சேர, பிப்ரவரி 17ஆம் நாள் முற்றுகை நீங்கியது. இன்று மின்தொடர்வண்டியில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்வோர் அப்போர்க்களத்தின் ஓரமாகவே நாள்தோறும் கடந்து போகின்றனர். பின்னாளில் பரங்கிமலையும் பல்லாவரமும் படைவீட்டு ஊர்களாயின. வெள்ளையரும் நாட்டாருமாகப் படைவீரர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தனர். ஆகவே, பழைய வீடொன்றின் பரணிலோ, பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் நடுவிலோ, துருவேறிய கைத்துப்பாக்கியின் உறுப்பொன்று கண்ணில் படுமாயின் வியப்பதற்கில்லை.

அவ்வாறு ஒன்று கிடைத்ததாகவே கொள்க. கையில் எடுத்தவுடன் செய்யத்தக்கது காலம் காண்பதன்று. உள்ளே மருந்து இருக்கிறதா என்று காண்பது. இதனை எத்துணை அழுத்திச் சொன்னாலும் தகும். வாய்வழி மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் இவ்வகைக் கருவியில், ஒரு முறை இட்டது வெளியே எடுக்கப்படாமல் நூறாண்டுக்கு மேலும் கிடத்தல் உண்டு. கரிமருந்து ஈரம் படாதிருந்தால் தன் இயல்பை இழப்பதில்லை. குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, மெல்லிய மரக்குச்சியை உள்ளே தடுக்கும் வரை மெதுவாகச் செலுத்தி, வாயின் ஓரத்தில் அடையாளமிட்டு எடுத்தல் வேண்டும். பின் அக்குச்சியைக் குழலின் வெளியே பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், அது பற்றுவாய் வரை எட்டுமாயின் குழல் வெறுமை; இரண்டு மூன்று விரற்கடை குறையுமாயின் உள்ளே ஏதோ உளது. உளதாயின் அதனைக் குடைந்தெடுக்க முயலாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லி விடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, செய்யத் தகாதது ஒன்று. வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தலும், உப்புத்தாளால் மெருகூட்டலும் பலர் செய்யும் பிழை. அத்தகட்டில் மயிரிழை ஆழத்தில் வெட்டப்பட்ட எழுத்தும் முத்திரையுமே அதன் பிறப்புச் சான்று. ஏட்டுச் சுவடியில் செல்லரித்த எழுத்தைக் கூர்ந்து பார்த்தவர் அந்த எழுத்தின் அருமையை அறிவர். இங்கோ செல்லைவிடக் கொடியது உரிமையாளரின் ஆர்வம்.

இனிப் பொறியைப் பற்றி. குழலின் வலப்பக்கத்தில் ஒரு தகடு. அதன்மேல் 'குதிரை' என்று தமிழர் பெயரிட்ட வளைந்த உறுப்பு. குதிரையின் தாடைகளுக்கிடையே, தோலிலோ மெல்லிய ஈயத் தகட்டிலோ பொதிந்த சக்கிமுக்கிக் கல். அதற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தட்டு. தட்டின் அடிப்பகுதியே சிறு மருந்துக் கிண்ணியின் மூடியுமாகும். விசையை இழுத்தால் குதிரை முன்னே பாயும், கல் எஃகை உரசும், பொறி பறக்கும், அதே அடியில் மூடி திறந்து கிண்ணியில் உள்ள நுண்மருந்து பற்றும், அந்நெருப்பு பற்றுவாய் என்னும் சிறு துளை வழியே குழலுக்குள் புகும். இத்தனையும் கண் இமைக்கும் பொழுதில் நடக்க வேண்டும். பெரும்பாலும் நடந்தது, சில வேளை கிண்ணியில் தீ எழுந்து அங்கேயே அவிந்தது. இளைஞராகச் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவ் தன் தலைக்கு நேரே துப்பாக்கியை வைத்து இருமுறை விசையை இழுத்தும் அது வெடிக்கவில்லை என்று வழங்கும் கதை மெய்யோ பொய்யோ, கருவியின் இயல்புக்கு முரணானதன்று. அவர் கையில் 'ரிவால்வர்' கொடுத்து நாடகம் எழுதுவோர்தாம் முரண்படுகின்றனர். கோல்ட் என்பார் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1836இல். கிளைவ் இறந்தது 1774இல்.

இவ்வகைப் பொறியின் முழு வடிவம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் அமைந்தது. மரேன் லெ பூர்ழுவா என்னும் கைவினைஞரை அதற்கு உரியவராகச் சுட்டுவர். அதற்கு முந்தியது எரியும் திரியைக் கொண்டு வெடிக்கும் திரித்துப்பாக்கி. முந்தியது எனினும் அது மறைந்து விடவில்லை. இந்தியாவில் சக்கிமுக்கித் துப்பாக்கியோடு உடன்வாழ்ந்து, பல இடங்களில் அதனைவிட நீண்ட நாள் நிலைத்தது. இது கருதத்தக்கது. ஐரோப்பாவில் வழக்கொழிந்தது என்பதால் இங்கும் ஒழிந்தது என்று முடிவு செய்தல் கூடாது. முடிவுக் காலத்தைப் பொறுத்தவரை, 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபார்சைத் அடித்தால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1820களில் செப்புத் தொப்பி பரவியது. 1840ஐ ஒட்டிப் பிரித்தானியப் படையும் மாறியது. பழைய கருவிகள் பல எறியப்படாமல் திருத்தப்பட்டன. கிண்ணியும் எஃகுத் தட்டும் நீக்கப்பட்டு, அவை இருந்த திருகு துளைகள் அடைக்கப்பட்டிருக்குமாயின், அது இரு காலத்துக்கு உரிய பொருள்: மூலம் ஒரு காலம், உரை ஒரு காலம் என்பது போல.

இனி எழுத்துச் சான்று. இதுவே செழுமையான பகுதி. பழைய கிழக்கிந்தியக் கம்பெனியும் போட்டியாக எழுந்த புதிய கம்பெனியும் 1709இல் ஒன்றாயின. இணைந்த கம்பெனியின் முத்திரை, இதய வடிவில் நான்காகப் பகுக்கப்பட்ட கட்டம். தலையில் நான்கு என்னும் எண் போன்ற குறி. கட்டங்களுக்குள் வி, இ, ஐ, சி என்னும் ஆங்கில எழுத்துகள். 'யுனைடெட்' என்பதன் முதலெழுத்து 'யு' ஆயிற்றே, 'வி' எப்படி வந்தது என்று கேட்பர். இலத்தீன் மரபில் அவ்விரண்டுக்கும் ஒரே வடிவம் வழங்கியது; அவ்வழக்கம் முத்திரையில் தங்கிவிட்டது. எகர ஏகாரங்களை ஒரே கொம்பால் எழுதிய தமிழ்ச் சுவடிகளைப் படித்தவருக்கும், வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தத்தை அறிந்தவருக்கும் இது விளங்காத செய்தியன்று. கம்பெனியின் காசுகளிலும் இம்முத்திரை உண்டு. 1808ஐ ஒட்டிக் கம்பெனி தன் படைக்கலங்களில் இதய முத்திரையை விடுத்து, முன்கால் தூக்கி நின்று மகுடம் ஏந்தும் சிங்கத்தைப் பொறித்தது. ஆகவே இதயம் முந்தியது, சிங்கம் பிந்தியது. கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றிருந்தால் யாரும் காணத்தக்க வேறுபாடு இது.

கம்பெனியின் பொறித் தகடுகளில் செய்தவர் பெயரும் ஆண்டும் காணப்படுதல் உண்டு. ஆண்டைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அது தகட்டின் ஆண்டு, துப்பாக்கியின் ஆண்டன்று. செய்து வைத்த பொறிகள் கிடங்கில் காத்திருந்து பின்னர்க் குழலோடும் கட்டையோடும் பொருத்தப்பட்டன. உடைந்த துப்பாக்கியின் நல்ல பொறி மற்றொன்றில் ஏறுவதும் உண்டு. ஒரு நூலின் பாயிரம் வேறொரு நூலின் முன்னே கட்டப்பட்டிருந்ததைச் சுவடிப் பதிப்பாளர் கண்டதில்லையா?

அரசுப் படைக்கு உரியவற்றில் மகுடமும் அரசர் பெயரின் முதலெழுத்துகளாகிய 'ஜி ஆர்' என்பனவும், தகட்டின் பின்பகுதியில் குறுக்காக 'டவர்' என்னும் சொல்லும் காணப்படும். இலண்டன் கோபுரக் கோட்டையின் படைக்கலச் சாலையை அது குறிக்கும். 1764க்குப் பின் அச்சாலையின் பொறிகளில் செய்தவர் பெயரும் ஆண்டும் இடும் வழக்கம் கைவிடப்பட்டது. எனவே 'டவர்' என்பதோடு 1780 என்றோ 1790 என்றோ ஆண்டு பளிச்சென்று தெரியுமாயின், மகிழ்ச்சியைவிட ஐயமே முதலில் எழுதல் வேண்டும். சுற்றுலாப் பயணியருக்கென்று செய்யப்படும் போலிகளில் இத்தகைய பிழை மலிந்துள்ளது. போலியைக் காட்டிக் கொடுக்கும் வேறு குறிகளும் உள. கிண்ணி இருக்கும், பற்றுவாய் துளைக்கப்பட்டிராது. எஃகுத் தட்டு மெல்லிரும்பாக இருக்கும், உரசினால் பொறி வராது. பித்தளை அணிவேலை மட்டும் தாராளமாக இருக்கும். பொருளின்றி அணி மிகுந்த செய்யுளை நினைவூட்டும் வேலை அது.

குழலில் தேர்வு முத்திரையைத் தேடல் வேண்டும். இயல்பான அளவுக்கு மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்துக் குழல் பிளவாமை கண்டு இடும் முத்திரை அது. இலண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து மகுடத்தின் கீழ் 'ஜி பி' என்றும், மகுடத்தின் கீழ் 'வி' என்றும் இரு முத்திரைகளை இட்டது. பர்மிங்ஹாம் நகரின் தேர்வு நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் முத்திரையில் குறுக்கிட்ட இரு செங்கோல்களும் மகுடமும் 'பி பி சி' என்னும் எழுத்துகளும் உண்டு. அம்முத்திரை தெளிவாகத் தெரியும் குழல் 1813க்கு முந்தியதன்று. முத்திரை இல்லாமை மட்டும் சான்றாகாது. தேய்ந்திருக்கலாம், நாட்டுக் கொல்லர் வார்த்த மாற்றுக் குழலாகவும் இருக்கலாம்.

வடிவமும் பேசும். அன்னத்தின் கழுத்துப் போல் வளைந்த குதிரை பழையது. கழுத்து ஒடியாதிருக்க நடுவே வளையம் போல் வலுவூட்டியது பிந்தியது. கம்பெனியின் 'இந்திய வகை' நீள்துப்பாக்கியில் இம்மாற்றம் 1809இல் நிகழ்ந்தது. இவ்வகைத் துப்பாக்கியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று 39 அங்குலக் குழலோடு, செலவு சுருக்கிச் செய்தது இது. பிரெஞ்சுப் புரட்சிப் போர் மூண்டு துப்பாக்கிப் பஞ்சம் ஏற்பட்டபோது பிரித்தானிய அரசு கம்பெனியின் இருப்பை வாங்கி, பின் அவ்வகையையே தன் படைக்கும் உரியதாக்கிக் கொண்டது. இந்தியச் சிப்பாய்க்கு என்று மலிவாகச் செய்தது நெப்போலியனை எதிர்த்தவர் தோளில் ஏறிற்று. கைத்துப்பாக்கியில் நோக்கத்தக்கது மருந்து கெட்டிக்கும் கோல். அது கழன்று விழாதபடி குழலின் வாயருகே சுழல் இணைப்பால் பிணைக்கப்பட்டிருக்குமாயின், பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது. ஓடும் குதிரைமேல் இருந்து கெட்டிப்பவன் கோலை நழுவவிட்டால் அவன் கையில் எஞ்சுவது வெறும் தடி.

கம்பெனியை எதிர்த்தவர்தம் கருவி கிடைக்குமாயின் காலக் கணக்கு வேறு. திப்பு சுல்தான் நபிகள் நாயகம் பிறந்த ஆண்டிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டு முறையை மேற்கொண்டார்; எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1787ஆம் ஆண்டை ஒட்டிய அவருடைய காசில் 1215 என்பது, இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு 5121 என்று தோன்றும். மைசூர்த் துப்பாக்கிகளிலும் இம்முறை ஆண்டும், புலிவரிக் குறியும் உண்டு. எண்ணைப் படிக்கத் தெரியாமல், அது தொழிற்சாலையின் வரிசை எண் என்று விட்டுவிடுவோர் உளர்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? இங்கே ஒரு வலி உண்டு. தமிழ்நாட்டில் பழைய படைக்கலம் வைத்திருக்கும் குடும்பங்களில் அதனை ஒரு வீரர் பெயரோடு இணைத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16ஆம் நாள். மருது சகோதரர் வீழ்ந்தது 1801இல். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிறப்பித்த அறிவிப்பு, பாளையக்காரரும் அவர்தம் மக்களும் படைக்கலம் ஏந்துவதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அக்காலத்துத் தமிழர் கருவிகள் அரிதாகவே எஞ்சுவதற்கு இது பெருங்காரணம். அரிதாதலால் ஆவல் மிகுகிறது. ஆவல் மிகுதலால் எந்தக் கருவியும் வீரனின் கருவியாகி விடுகிறது. அதன் தகட்டில் மகுடம் ஏந்திய சிங்கம் இருக்குமாயின், அக்கருவி அவ்வீரர் மறைந்து சில ஆண்டு கழித்தே உருவானது. இதனைச் சொல்லும்போது முதியவர் ஒருவர் முகம் வாடும். வாடினும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அச்சிங்கத் துப்பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு: 1806 ஜூலை 10 அன்று வேலூரில் எழுந்த சிப்பாய்களுக்கு அடுத்த தலைமுறையில், கம்பெனிக்கு ஊழியம் செய்த ஏதோ ஒரு நாட்டுப் படைவீரனின் வரலாறு. அவனைப் பாடிய கவிஞர் குறைவு. இல்லாத கட்டபொம்மனை அத்துப்பாக்கியில் ஏற்றுவதால், இருந்த அம்மனிதன் இரண்டாம் முறையும் மறக்கப்படுகிறான்.

இது நிற்க. துப்பாக்கியில் எஞ்சிய சிறு கல்லைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குதிரையின் தாடையில் இன்னும் கல் இருக்குமாயின் அதனைக் கழற்றலாகாது. கருநிறமாயின் பெரும்பாலும் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துப் பிராண்டன் ஊர்க் கல். தேன் நிறமாயின் பிரெஞ்சுக் கல். சில பத்து முறை வெடித்தபின் கல்லின் முனை மழுங்கும். வீரன் புதிய கல்லை மாற்றுவான். ஆதலால் கல் துப்பாக்கியின் காலத்தைக் காட்டாது. அதனைக் கடைசியாகப் பயன்படுத்தியவனின் கையைக் காட்டும்.

1863 மே 30ஆம் நாள், இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் படைவீட்டை அடுத்த சரளைக் குழியொன்றில் மனிதன் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்கு அறிவித்த கல் அது. அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கண்டறியப்பட்டன. அங்குள்ளவற்றுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பல்லாவரத்துக் கல் குவார்ட்சைட் வகை; துப்பாக்கிக் கல் வேறு வகை. எனினும் செதுக்கும் முறை ஒன்றே: சரியான இடத்தில் சரியான கோணத்தில் தட்டிச் சில்லெடுத்தல். இங்கிலாந்துத் தொல்லியலார் ஜான் இவான்ஸ், கற்கால மனிதன் கருவி செய்த வகையை அறிய, பிராண்டனில் துப்பாக்கிக் கல் செதுக்கும் தொழிலாளரின் வேலையை நோக்கி, 1872இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். படைவீரனுக்குக் கல் செதுக்கியவன் தொல்லியலுக்கு ஆசிரியனானான். பல்லாவரத்துப் படைவீட்டின் ஓரத்தில், சக்கிமுக்கித் துப்பாக்கி படையிலிருந்து விடைபெற்று ஓரிரு பதிற்றாண்டே கழிந்திருந்த வேளையில் அக்கற்கருவி வெளிப்பட்டது. ஃபூட் திரட்டிய தொகுதி 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வாங்கப்பட்டது.

எழும்பூரில் உள்ள அவ்வருங்காட்சியகத்திலேயே தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களும் கோட்டைக் கிடங்கிலிருந்து வந்தனவும் உள்ளன. 1948இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் படைக்கலப் பகுதி உண்டு. வரலாற்றுக் காவியம் எழுதும் கவிஞர் ஒரு பிற்பகலை அங்கே செலவிடுவது நன்று; குதிரையின் கழுத்தையும் தகட்டின் முத்திரையையும் நேரில் கண்டபின் நூலகத்துக்குத் திரும்பலாம்.

பழங்கருவியைக் கண்டவர் சட்டத்தையும் அறிதல் நலம். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், செப்பனிட்டாலும் சுடப் பயன்படாத பழங்கால மதிப்புடைய கருவிக்கு விலக்களிக்கிறது. ஆனால் அது அத்தகையதா என்பதை உரிமையாளர் தாமே தீர்ப்பது தகாது. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிக் குற்றம். கருவி கிடைத்த இடம், கிடைத்த நாள், உடன் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் எழுதி, தேய்க்காத தகட்டை இருபுறமும் படமெடுத்து, அத்தாளையும் கருவியோடு சேர்த்தே ஒப்படைத்தல் வேண்டும்.